இருட்டில் பேசிய ஆங்கிலம்: பீகாரின் மின்வெட்டும் ஒரு தலைமுறையின் மொழிக்கல்வியும்

இந்தியக் கல்வி வரலாற்றில் விளக்குக்கென்று தனியொரு புராணம் உண்டு. ஈசுவர சந்திர வித்யாசாகர் கல்கத்தாவின் தெருவிளக்கடியில் அமர்ந்து படித்தார் என்று வங்காளத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான முத்துசாமி ஐயரைப் பற்றியும் அதே கதை நம்மிடையே வழங்குகிறது. எங்கு சொன்னாலும் கதையின் உறுப்புகள் மூன்றுதான்: ஓர் ஏழைச் சிறுவன், ஒரு விளக்கு, ஒரு புத்தகம். இன்னொரு மனிதருக்கு அதில் இடமில்லை.

வரலாறு பயில்வோர் இக்கதையைச் சற்று உரசிப் பார்ப்பது நல்லது. வித்யாசாகர் சமஸ்கிருதக் கல்லூரியில் பயின்ற காலம் 1829 முதல் 1841 வரை. கல்கத்தாத் தெருக்களில் எரிவாயு விளக்கு எரியத் தொடங்கியது 1857இல். எனவே பல மறுகூறல்களில் வரும் எரிவாயு விளக்கு பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. அவரைப் பற்றிய இன்னொரு செய்தி அவரே எழுதிவைத்த தன்வரலாற்றுத் துண்டில் இருக்கிறது. பீர்சிங்கா கிராமத்திலிருந்து தந்தையோடு கல்கத்தாவுக்கு நடந்து வந்த வழியில், மைல்கற்களில் பொறித்திருந்த ஆங்கில எண்களைத் தந்தையிடம் கேட்டுக் கேட்டே அவர் கற்றுக்கொண்டார். முதல் கதையில் கல்வி ஒளியிலிருந்து வருகிறது. இரண்டாவதில் கேள்வியிலிருந்தும் உடன் நடந்தவரின் குரலிலிருந்தும் வருகிறது. நாம் கொண்டாடுவது பெரிதும் முதலாவதை.

இந்த நீண்ட பதிவு இரண்டாவது வகைக் கல்வியைப் பற்றியது. இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளிலும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் பீகாரிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் போட்டித் தேர்வுக்குப் படித்தவர்களின் நினைவில் ஒரு பழக்கம் திரும்பத் திரும்ப வருகிறது. மாலையில் மின்சாரம் போகும். புத்தகத்தை மூடுவார்கள். மொட்டைமாடியிலோ முற்றத்திலோ கூடுவார்கள். ஒருவர் இந்திச் சொல்லொன்றைச் சொல்ல, மற்றவர் அதற்குரிய ஆங்கிலச் சொல்லைச் சொல்வார். பிறகு தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் உரையாடுவார்கள். மின்சாரம் திரும்பியதும் கலைந்து, விட்ட பக்கத்தைத் தேடிப் போவார்கள். மின்வாரியத்தின் ஏட்டில் அந்த நேரம் 'பற்றாக்குறை' என்ற தலைப்பின்கீழ் ஓர் எண்ணாகப் பதிவானது. கல்வித் துறையின் ஏட்டில் அது பதிவாகவே இல்லை. என் வாதம் இதுதான்: அந்த நேரத்தை ஏழ்மையின் வண்ணச் செய்தியாகப் பார்ப்பதை விட்டு, மொழிக்கொள்கையின் வரலாறும் மின்சாரத்தின் வரலாறும் ஒன்றையொன்று சந்தித்த இடமாகப் பார்க்க வேண்டும்.

திறந்த கதவும் பூட்டிய கதவும்

முதலில் மொழியின் பக்கம். 1967 தேர்தலுக்குப் பின் பீகாரில் மகாமாயா பிரசாத் சின்கா தலைமையில் காங்கிரசல்லாத கூட்டணி அரசு அமைந்தது. அதில் துணை முதலமைச்சராகவும் கல்வி அமைச்சராகவும் இருந்த கர்ப்பூரி தாக்கூர், மெட்ரிக் தேர்வில் தேறுவதற்கு ஆங்கிலத்தில் தேறியாக வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கினார். மற்றப் பாடங்களில் எல்லாம் தேறிய கிராமப்புற மாணவர்கள் ஆங்கிலம் ஒன்றில் தோற்றுப் படிப்பையே நிறுத்திவந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிற்படுத்தப்பட்ட, தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள் என்பதே முடிவுக்குப் பின்னிருந்த நியாயம். ராம் மனோகர் லோகியா முன்னெடுத்த ஆங்கில எதிர்ப்பு இயக்கத்தின் சிந்தனையும் அதற்குப் பின்னணியாக இருந்தது. அவ்வாறு தேறியவர்களைக் 'கர்ப்பூரி டிவிஷன்' என்று ஏளனம் செய்தார்கள். ஏளனம் செய்தவர்கள் யார், ஏளனத்துக்கு ஆளானவர்கள் யார் என்பதைப் பார்த்தாலே அந்த முடிவு யாருக்காக எடுக்கப்பட்டது என்பது விளங்கும்.

அதே 1967இல் தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. 1968 ஜனவரியில் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையைத் தீர்மானமாக நிறைவேற்றியது. இந்தியின் ஆதிக்கத்துக்கு எதிரான கேடயமாக இங்கே ஆங்கிலம் கையில் எடுக்கப்பட்டது. மேல்தட்டின் ஆதிக்கத்தைத் தகர்ப்பதற்காக அங்கே ஆங்கிலம் வாசலிலிருந்து விலக்கப்பட்டது. இரண்டையும் செய்தவை காங்கிரசல்லாத அரசுகள். இரண்டும் சமூக நீதியின் பெயராலேயே நடந்தன. இந்த இரண்டு முடிவுகளையும் அருகருகே வைத்து ஒப்பிடும் ஆய்வு இன்னும் விரிவாக நடக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பீகாரில் திறந்தது பள்ளியின் கதவு. வேலையின் கதவுக்குச் சாவி வேறு கையில் இருந்தது. குடிமைப்பணித் தேர்வை எடுத்துக்கொள்வோம். தௌலத் சிங் கோத்தாரி தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1979 முதல் இந்திய மொழிகளில் அத்தேர்வை எழுத முடிந்தது. ஆனாலும் மெட்ரிக் தரத்திலான ஆங்கிலத் தாள் ஒன்றில் தேறியாக வேண்டும். அதில் தோற்றால் மற்றத் தாள்கள் திருத்தப்படுவதே இல்லை. 2011இல் முதல்நிலைத் தேர்வில் திறனறித் தாள் வந்தது. அதில் ஆங்கிலப் பத்திகளைப் படித்து விடையளிக்கும் பகுதியும் இருந்தது. இந்தி வழியில் படித்தவர்கள் 2014இல் டெல்லியின் முகர்ஜி நகரில் வீதிக்கு வந்தார்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் அந்தப் பகுதியின் மதிப்பெண் தரவரிசைக்குச் சேராது என்று அரசு அறிவித்தது. மறு ஆண்டு அந்தத் தாள் முழுவதுமே தகுதித் தாளாக மட்டும் மாறியது. வங்கித் தேர்வுகளிலும் பணியாளர் தேர்வாணையத் தேர்வுகளிலும் ஆங்கிலப் பகுதி தொடர்ந்து இருந்தது.

ஆக, ஆங்கிலத்தில் தேறாமலே பள்ளியைக் கடந்து வந்த ஒருவர், பதினெட்டு வயதுக்குப் பின் அதே ஆங்கிலத்தைச் சொந்த முயற்சியில் கற்க வேண்டியிருந்தது. பள்ளி கைவிட்ட பாடம் மாலை நேரத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அந்த மாலையில்தான் மின்சாரம் இல்லை.

யாருடைய மாலை?

இனி மின்சாரத்தின் பக்கம். மின்வெட்டை மழையைப் போல, புயலைப் போல இயற்கை நிகழ்வாகப் பேசுவது நம் வழக்கம். உண்மையில் அது ஒரு முடிவு. உற்பத்தியைவிடத் தேவை கூடும்போது மின்தொகுப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்சிலிருந்து கீழே இறங்கும். தொகுப்பு முழுவதும் சரியாமல் காப்பாற்ற, சில ஃபீடர்களைத் துண்டிக்க வேண்டும். எந்த ஃபீடரைத் துண்டிப்பது என்பதைத் துணைமின்நிலையத்தில் ஒரு பட்டியல் தீர்மானிக்கிறது. மருத்துவமனை, ரயில்வே, அரசு அலுவலகங்கள், பெரிய தொழிற்சாலைகள் பட்டியலின் கடைசியில் இருக்கும். கிராமப்புற ஃபீடர்கள் முதலில் இருக்கும். அங்கே விற்கும் ஒவ்வோர் அலகும் வாரியத்துக்கு நட்டம் என்பதால் துண்டிப்பதில் வாரியத்துக்குப் பொருளாதார ஆதாயமும் இருந்தது. தேவை உச்சத்துக்குப் போவது பொழுது சாய்ந்த பின். பள்ளிப் பிள்ளை புத்தகத்தைத் திறப்பதும் அந்த நேரத்தில்தான்.

பீகாரில் இந்தப் பற்றாக்குறைக்குத் தனி வரலாறு உண்டு. 2000 நவம்பர் 15 அன்று மாநிலம் பிரிக்கப்பட்டபோது நிலக்கரி வயல்களும், பத்ராத்து, தேனுகாட் அனல்மின் நிலையங்களும் ஜார்க்கண்டுக்குப் போயின. பீகாருக்கு எஞ்சியவை பரவுனியும் முசாபர்பூரை அடுத்த காண்ட்டியும். இரண்டும் மூப்படைந்து தள்ளாடிக்கொண்டிருந்தன. 2011–12இல் இந்தியாவின் சராசரி ஆள்வீத மின்நுகர்வு ஏறத்தாழ 880 அலகு. பீகாரில் ஏறத்தாழ 130. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, விளக்கெரிக்க மின்சாரத்தை முதன்மையாகப் பயன்படுத்திய வீடுகள் இந்தியாவில் 67.2 விழுக்காடு, தமிழ்நாட்டில் 93.4 விழுக்காடு, பீகாரில் 16.4 விழுக்காடு. பீகாரின் 82.4 விழுக்காடு வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. 1997இல் பிறந்த ஒரு கட்சி லாந்தர் விளக்கைச் சின்னமாகக் கொண்டு அம்மாநிலத்தில் வாக்குக் கேட்டதை இந்த எண்ணோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சி தேவைப்படுகிறது. 'மின்மயமான கிராமம்' என்றால் என்ன? 1997 வரை, ஒரு கிராமத்தின் வருவாய் எல்லைக்குள் ஏதேனும் ஒரு காரியத்துக்கு மின்சாரம் பயன்பட்டால் போதும். வயலில் ஒரு பம்புசெட்டு ஓடினாலும் அது மின்மயமான கிராமம்தான். பிறகு குடியிருப்புப் பகுதிக்குள் பயன்பட வேண்டும் என்று வரையறை மாறியது. 2004இல், பள்ளி, ஊராட்சி அலுவலகம் போன்ற பொது இடங்களிலும், குறைந்தது பத்து விழுக்காடு வீடுகளிலும் மின்சாரம் இருக்க வேண்டும் என்று மீண்டும் மாறியது. அந்த வரையறையிலும்கூட நூற்றில் தொண்ணூறு வீடுகள் இருண்டிருக்க, கிராமம் ஒளிபெற்றதாகக் கணக்கு முடிந்துவிடலாம். எத்தனை மணிநேரம் மின்சாரம் வர வேண்டும் என்ற கேள்வியை எந்த வரையறையும் எழுப்பவில்லை.

2012 ஜூலை 30, 31 நாள்களில் வட இந்தியத் தொகுப்பும், மறுநாள் அதனுடன் கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகளும் சரிந்தன. ஏறத்தாழ 62 கோடி மக்கள் வாழும் பரப்பு இருண்டது என்று உலகம் முழுவதும் செய்தி போயிற்று. அந்த 62 கோடிக்குள், இணைப்பே இல்லாததால் அன்றைய மாலைக்கும் முந்தைய நாளின் மாலைக்கும் வேறுபாடு காணாத வீடுகளும் அடங்கியிருந்தன. மின்வெட்டைப் பற்றிக் குறைபட்டுக்கொள்ளவும் முதலில் ஒரு கம்பி வீட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

இருட்டு கற்றுக்கொடுத்த முதல் ஆங்கிலச் சொற்கள் மின்சாரத்தைப் பற்றியவையே என்பதையும் மொழியியல் மாணவர்கள் கவனிக்கலாம். கல்கத்தாவில் 1970களிலேயே 'லோட்ஷெடிங்' வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் புழங்கும் வங்காளச் சொல்லாகிவிட்டது. பீகாரில் 'லைன்' போகும், வரும், கட்டாகும். டிரான்ஸ்ஃபார்மர், ஃபீடர், ஃபேஸ், வோல்டேஜ், ஃபியூஸ் ஆகியவற்றை எழுத்தறியாதவரும் பிழையின்றி ஆண்டார். நம்மூரில் 'கரண்ட் கட்'டும் 'லோ வோல்டேஜு'ம் தமிழாகிவிட்டதும் அவ்வாறே. ஒரு சொல் தேவையோடு வரும்போது அதைக் கற்பிக்க எவரும் தேவையில்லை.

இருட்டின் பாடமுறை

இப்போது அந்தக் கூட்டத்துக்கு வருவோம். அங்கே என்ன நடந்தது, எப்படி நடந்தது என்பதைப் பாடமுறையாகவே பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது சொற்சங்கிலி. ஒருவர் சொன்ன ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். இது வட இந்தியாவின் அந்தாட்சரி விளையாட்டுதான். பாட்டின் இடத்தில் சொல் வந்து அமர்ந்தது. இரண்டாவது, ஒரு சொல்லுக்குரிய ஒருபொருட்சொல்லும் எதிர்ச்சொல்லும் கேட்பது. தேர்வுகளில் வரும் கேள்வி வகை இது. பகலில் நார்மன் லூயிசின் 'வேர்ட் பவர் மேட் ஈசி' போன்ற நூலிலிருந்து மனனம் செய்தவை இரவில் இங்கே சோதனைக்கு வரும். 1949இல் அமெரிக்க வாசகருக்காக எழுதப்பட்ட அந்நூல் பீகாரின் விடுதி அறைகளில் கிழிந்து நைந்து கைமாறியது நூல்களின் வரலாற்றில் தனி அத்தியாயமாகத் தகும்.

மூன்றாவது மொழிபெயர்ப்பு. இந்தி வட்டாரத்தில் ஆங்கிலம் படித்த யாரைக் கேட்டாலும் ஒரு வாக்கியத்தைச் சொல்வார்கள்: மருத்துவர் வருவதற்கு முன்பே நோயாளி இறந்துபோயிருந்தார். 'த பேஷன்ட் ஹேட் டைட் பிஃபோர் த டாக்டர் கேம்.' இறந்தகாலத்துக்கும் முந்திய இறந்தகாலத்தை விளக்கத் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்ட எடுத்துக்காட்டு இது. அவன் ரயில் நிலையத்தை அடையுமுன் ரயில் புறப்பட்டுவிட்டது என்பது இன்னொன்று. இலக்கண நூலார் காலத்தை விளக்க எடுத்த வாக்கியங்கள்தாம். ஆனால் சுகாதார நிலையத்தில் மருத்துவர் இல்லாத ஊரில், வேலை தேடி ரயிலேறிப் போவதே வாழ்க்கையாகிப்போன ஊரில், அவற்றை இருட்டில் ஒருவர் சொல்லி மற்றவர் திருப்பிச் சொன்னபோது அவை வெறும் இலக்கணமாக இருந்திருக்க முடியாது.

நான்காவது உரையாடல். இதுவே மிகக் கடினமானது. இதற்குத் துணையாக இருந்தவை 'ரேபிடெக்ஸ்' போன்ற நூல்கள். டெல்லியின் புஸ்தக் மஹல் 1970களில் வெளியிடத் தொடங்கிய அந்நூல் பல இந்திய மொழிகளில், தமிழிலும்கூட, வந்தது. கிரிக்கெட் வீரர் கபில்தேவ் அதன் விளம்பரங்களில் தோன்றினார். கிராமத்திலிருந்து வந்து உலகக் கோப்பையை வென்றவராகப் பார்க்கப்பட்ட ஒருவரை ஆங்கிலம் பேசும் நூலின் முகமாக்கியதில் அக்காலத்தின் ஆசை முழுவதும் அடங்கியிருக்கிறது. கடைக்காரரோடு பேசுவது, மருத்துவரிடம் பேசுவது, நண்பரை வரவேற்பது என்று அந்நூல்களில் வரும் உரையாடல்களை இருவர் இரு பாத்திரங்களாகப் பேசிப் பழகினார்கள்.

இருட்டு ஏன் இதற்கு உதவியது? இந்தியாவில் ஆங்கிலம் பேசத் தடையாக இருப்பது இலக்கண அறியாமை மட்டுமன்று. கூச்சம் அதைவிடப் பெரிது. தவறாகப் பேசினால் சிரிப்பார்கள். சரியாகப் பேசினால் 'பெரிய துரை' என்று சிரிப்பார்கள். முகம் தெரியாத நேரத்தில் இந்த இரண்டு சிரிப்பும் வலுவிழக்கின்றன. குரல் மட்டும் இருக்கிறது. வகுப்பறையின் முதல் வரிசையும் கடைசி வரிசையும் இருட்டில் இல்லை.

இம்முறை முற்றிலும் புதியதும் அன்று. அந்திப் பொழுதில் பிள்ளைகள் கூட்டமாகப் 'பகாடா' என்னும் பெருக்கல் வாய்ப்பாட்டை ஒருவர் சொல்லப் பலர் திருப்பிச் சொல்வது இந்தி வட்டாரத்துப் பழைய வழக்கம். நம் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி ஓதப்பட்டதும் அவ்வாறே. அச்சும் விளக்கும் சேர்ந்து கல்வியைத் தனியாளின் மௌன வாசிப்பாக மாற்றியிருந்தன. மின்சாரம் போன நேரத்தில் பழைய கூட்டுக்குரல் திரும்பி வந்தது. ஓதப்பட்ட பொருள் மட்டும் ஆங்கிலம்.

இக்கூட்டத்தில் ஆங்கிலத்தை நன்கு பேசும் ஒரு குரலும் இருந்தது: டிரான்சிஸ்டர் வானொலி. அது பேட்டரியில் ஓடும். ஃபீடர் பட்டியலுக்குக் கட்டுப்படாது. அகில இந்திய வானொலியின் இரவு 9 மணி ஆங்கிலச் செய்தியைக் கேட்டு, கேட்ட சொல்லைத் தம்முள் சொல்லிப் பார்ப்பது பலருக்குப் பாடமாக இருந்தது. பீகாரில் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்த பிபிசி இந்தி ஒலிபரப்பு உலகச் செய்தியைத் தாய்மொழியில் தந்தது. அதே செய்தி ஆங்கிலத்தில் வரும்போது பொருள் முன்பே தெரிந்திருக்கும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்கு அகராதி பாதி தேவையில்லை. பிபிசி இந்தியின் சிற்றலை ஒலிபரப்பு 2020 ஜனவரி 31 அன்று நின்றபோது செய்தி கேட்கும் வழியோடு மொழி பழகும் ஒரு வழியும் மூடப்பட்டது.

ஒளி இருந்த இடம்

இருட்டில் பேசலாம், படிக்க முடியாது. எழுத்துத் தேர்வு கேட்பது எழுத்துக்கூட்டலை, வாசிப்பின் வேகத்தை, வினாத்தாளின் சிறு எழுத்தை. எனவே ஒளியைத் தேடியும் இவர்கள் நடந்தார்கள். பீகாரின் ரோத்தாஸ் மாவட்டத்திலுள்ள சசாராம் ரயில் நிலையம் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. ஷேர் ஷா சூரியின் கல்லறை இருக்கும் ஊர் அது. கயாவுக்கும் முகல்சராய்க்கும் இடையே, 1906இல் திறக்கப்பட்ட கிராண்ட் கார்டு பாதையில் இருக்கிறது. ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும் மின்சாரம் இல்லாத நேரத்திலும் நடைமேடையில் விளக்கு எரியும். இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலிருந்து மாணவர்கள் அங்கே காலையிலும் மாலையிலும் கூடிப் படித்ததைப் பத்திரிகைகள் பலமுறை பதிவு செய்திருக்கின்றன. அங்கும் அவர்கள் தனித்தனியாகப் படிக்கவில்லை. குழுக்களாக வட்டமிட்டு அமர்ந்து, ஒருவர் கேள்வி கேட்க மற்றவர்கள் விடை சொன்னார்கள். முன்பு தேறியவர்கள் புதியவர்களுக்குப் பாடம் சொன்னார்கள். பாட்னாவில் பயிற்சி நிலையங்கள் நெருங்கிய முசல்லாபூர், பிக்னா பஹாடி வட்டாரத்து மாணவர்கள் கங்கைப் படித்துறைகளில் ஆயிரக்கணக்கில் அமர்ந்து மாதிரித் தேர்வு எழுதும் காட்சியும் இதன் தொடர்ச்சியே.

நடைமேடையில் ஏன் எப்போதும் விளக்கு எரிந்தது? பட்டியலின் கடைசியில் இருந்த இடம் அது. அரசு துண்டிக்கத் துணியாத இடத்தைத் தேடிப் போய், அந்த மாணவர்கள் தங்களுக்குரிய பங்கை எடுத்துக்கொண்டார்கள். இவர்களில் பலர் படித்ததும் ரயில்வே வேலைக்காகவே என்பது தற்செயலன்று. அந்த வட்டாரத்தில் அணையாமல் எரிந்த விளக்கும் தவறாமல் வந்த சம்பளமும் ஒரே நிறுவனத்தின் பெயரைத் தாங்கியிருந்தன.

வராதவர்கள்

இதுவரை எழுதியதை மீண்டும் படித்தால் ஒன்று உறுத்தும். மொட்டைமாடி, விடுதி, நடைமேடை, படித்துறை ஆகிய இடங்களில் பொழுது சாய்ந்த பின் கூடியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். 2011 கணக்கெடுப்பின்படி பீகாரில் ஆண்களின் எழுத்தறிவு 71.2 விழுக்காடு, பெண்களின் எழுத்தறிவு 51.5 விழுக்காடு. 2006இல் பள்ளிச் சிறுமிகளுக்கு மிதிவண்டி வழங்கும் திட்டம் தொடங்கியது. உயர்நிலைப் பள்ளியில் சிறுமிகளின் எண்ணிக்கையை அது கூட்டியதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் மிதிவண்டி பகலுக்கு உரியது. தெருவில் விளக்கில்லாத ஊரில், மாலையில் கூடிப் பேசும் கல்வி அந்தச் சிறுமிக்கு எட்டவில்லை. மின்சாரம் போனதும் அண்ணன் மாடிக்குப் போனான். தங்கை அடுப்படியில் டிப்ரி விளக்கைப் பற்றவைத்தாள். அவனுக்குக் கிடைத்த பயிற்சி நேரம் அவளுக்கு வேலை நேரமாயிற்று.

ஆதலால் 'இருட்டிலும் படித்து முன்னேறினார்கள்' என்னும் பெருமிதத்தை நான் இரண்டு காரணங்களால் ஏற்கத் தயங்குகிறேன். ஒன்று, முன்னேறியவர்கள்தாம் நினைவுகூர்கிறார்கள். அதே வட்டத்தில் அமர்ந்து, தேறாமல், சூரத்துக்கோ லூதியானாவுக்கோ ரயிலேறியவர்களின் நினைவு நமக்கு வந்து சேர்வதில்லை. இரண்டு, வட்டத்துக்கே வர முடியாதவர்களின் இழப்புக்கு நினைவு என்ற வடிவம்கூட இல்லை. தெருவிளக்குக் கதை நமக்குச் செய்த தீங்கும் இதுவே. ஒருவர் ஏறிய படியைக் காட்டி, படியே இல்லாத சுவரை அது மறைத்தது.

இருட்டில் கற்ற ஆங்கிலத்துக்கு உள்ளேயே ஒரு குறையும் இருந்தது. ஒருவர் தவறாக உச்சரித்த சொல் வட்டம் முழுவதும் பரவும்; திருத்த ஆளில்லை, அகராதியைப் பார்க்க வெளிச்சமில்லை. பின்னாளில் நேர்முகத் தேர்வில் அந்த உச்சரிப்பே அவருடைய ஊரையும் பள்ளியையும் காட்டிக்கொடுக்கும். கற்கும்போது கூச்சத்தைப் போக்கிய அதே பேச்சு, தேர்வு மேசைக்கு முன் கூச்சத்தைத் திருப்பிக் கொடுத்தது.

விளக்கு வந்த பின்

2012 சுதந்திர நாள் உரையில் முதலமைச்சர் நிதிஷ் குமார், மின்நிலைமை மேம்படாவிட்டால் 2015 தேர்தலில் வாக்குக் கேட்டு வரமாட்டேன் என்று அறிவித்தார். இந்தியத் தேர்தல் அரசியலில் மின்விளக்கு இவ்வளவு வெளிப்படையாகப் பந்தயப் பொருளானது அரிது. 2017 செப்டம்பரில் மத்திய அரசின் சௌபாக்கியா திட்டம் தொடங்கியது. 2018 ஏப்ரலில் மணிப்பூரின் லைசாங் கிராமத்தோடு நாட்டின் எல்லாக் கிராமங்களும் மின்மயமாகிவிட்டதாக அறிவிக்கப்பட்டது; அவ்வாண்டு முடிவதற்குள் பீகாரின் எல்லா வீடுகளுக்கும் இணைப்பு தரப்பட்டதாக மாநில அரசு அறிவித்தது. இவை சிறிய சாதனைகள் அல்ல. மண்ணெண்ணெய்ப் புகையில் கண்ணெரியப் படித்த யாரும் இவற்றைச் சிறுமைப்படுத்த மாட்டார்கள்.

ஆனால் விளக்கு வந்ததும் ஆங்கிலம் வந்துவிடவில்லை. 1967இல் எழுந்த கேள்வி அப்படியே நிற்கிறது: ஏழையின் பிள்ளைக்கு ஆங்கிலத்தைத் தடையாக வைக்காமலும், அதே வேளையில் மறுக்காமலும் எப்படித் தருவது? கர்ப்பூரி தாக்கூர் முதல் பாதிக்கு ஒரு விடை தந்தார். இரண்டாவது பாதிக்கு அரசுப் பள்ளி விடை தரவில்லை. வசதியுள்ளோர் ஆங்கில வழித் தனியார் பள்ளிக்கு விலகிப் போனார்கள். எஞ்சியவர்களுக்குப் பள்ளி செய்யாததை ஒருவருக்கொருவர் செய்துகொண்டார்கள், ஊதியமின்றி, விளக்கின்றி.

அந்த வட்டங்களில் அமர்ந்தவர்கள் இன்று நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருக்கிறார்கள். அவர்களின் நினைவுகளை வாய்மொழி வரலாறாகத் தொகுக்க இன்னும் காலம் இருக்கிறது. தொகுக்கப் போகும் மாணவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. எந்த விளக்கடியில் படித்தீர்கள் என்று கேட்பதோடு நிற்க வேண்டாம். எதிரில் யார் அமர்ந்திருந்தார், உங்கள் தவறை யார் திருத்தினார், அவர் இப்போது எங்கே இருக்கிறார், அந்த நேரத்தில் வீட்டில் உங்கள் அக்காவும் தங்கையும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் கேளுங்கள். அந்த விடைகளைச் சேர்த்து எழுதினால் மட்டுமே பீகாரின் கல்வி வரலாறு முழுமை பெறும். நம் மாநிலத்திலும் 2012ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டு மாலைகளைக் கண்ட பிள்ளைகள் இப்போது ஆய்வு மாணவர்களாக இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் வீட்டிலிருந்தே இந்தக் கேள்விகளைத் தொடங்கலாம்.